இரண்டாவது கார்: உடைமையா, பயன்பாடா?

"வேண்டும்" என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள் உண்டு. ஒன்று தேவை, மற்றது விருப்பம். தாகத்தால் வாடுகிறவன் "தண்ணீர் வேண்டும்" என்று கேட்பதும், விரல் நிறைய மோதிரம் அணிந்தவன் "இன்னொரு மோதிரம் வேண்டும்" என்று கேட்பதும் ஒரே சொல்லால்தான். சொல் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றென்று நாம் எளிதில் மயங்கிவிடுகிறோம். "நமக்கு இன்னொரு கார் வேண்டும்" என்ற பேச்சு இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் எழுகின்றது. அது இந்த இரு பொருள்களுள் எதைக் குறிக்கின்றது என்பதை நிதானமாக ஆராய்வது பயன் தரும்.

இந்தக் கேள்வி இப்போது எழுவதற்குக் காரணம் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளின் பின், 2025 பெப்ரவரியில், தனியார் வாகனங்களுக்கும் கதவு திறக்கப்பட்டது. அத்தனை காலம் அடக்கி வைத்திருந்த ஆசைகள் ஒரேயடியாக வெளியே வந்தன. அதே வேளையில், காரை வாங்காமலே காரின் பயனைப் பெறுவதற்கு ஒரு வழியும் உண்டாகியிருந்தது. 2015ஆம் ஆண்டிலே பிக்மி, ஊபர் ஆகிய இரு சேவைகளும் கொழும்பில் தொடங்கின. கைத்தொலைபேசியில் விரலை வைத்தால் வாசலுக்கு வண்டி வருகின்றது. கட்டணமும் முன்கூட்டியே தெரிகின்றது. ஆகவே, முன்னொரு காலத்தில் "கார் வாங்குவோமா, பஸ்ஸில் போவோமா?" என்றிருந்த கேள்வி, "இரண்டாவது காரை வாங்குவோமா, வேண்டும்போது வண்டியை அழைப்போமா?" என்று மாறியிருக்கின்றது.

இதில் அறநெறி எங்கே வருகின்றது என்று சிலர் கேட்கலாம். உழைத்துச் சேர்த்த பணம். சட்டத்துக்கு விரோதமான செயலுமன்று. பின் எதற்கு மனச்சாட்சியை அழைப்பது? கேள்வி நியாயமானதே. ஆனால் நம் பணம் எங்கே போகின்றது என்பது நம் நேரம் எங்கே போகின்றது என்பதைத் தீர்மானிக்கின்றது. நம் நேரம் போகும் வழியிலேதான் நம் பிள்ளைகளும், முதியோரும், அயலவரும் நிற்கின்றனர். அன்றியும், வீதி என்பது பொதுச் சொத்து. அதில் நாம் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறோம் என்பது நம்மை மட்டும் பொறுத்ததன்று. எனவே இது வெறும் வரவு செலவுக் கணக்கு அன்று. ஆயினும் கணக்கைப் பாராமல் அறம் பேசுவதும் பொருந்தாது. முதலில் கணக்கையே பார்ப்போம்.

கணக்கைச் சரியாகப் பார்த்தல்

கார் வாங்குவோரில் பெரும்பாலானோர் பெற்றோல் செலவை மட்டுமே கணக்கில் எடுக்கின்றனர். வண்டியை அழைத்தால் ஒரு பயணத்துக்கு 700 ரூபா. சொந்தக் காரில் போனால் பெற்றோலுக்கு 150 ரூபா. ஆகவே சொந்தக் கார் இலாபம் என்று முடிவு செய்கின்றனர். இது கிணறு வெட்டிய செலவை மறந்துவிட்டு, வாளிக் கயிற்றின் விலையை மட்டும் எண்ணுவது போன்றது.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இங்கே தரப்படும் தொகைகள் கணக்கிடும் முறையைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை; சந்தை விலைகள் அல்ல. வாசகர்கள் தங்கள் தொகைகளை அந்தந்த இடத்தில் இட்டுக்கொள்ளலாம்.

கார் 60 இலட்சம் ரூபா என்போம். எட்டு ஆண்டுகளின் பின் 36 இலட்சத்துக்கு விற்கலாம் என்றால், தேய்மானம் 24 இலட்சம். அதாவது மாதத்துக்கு 25,000 ரூபா. காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை எல்லாம் சேர்த்து மாதம் 10,000. சேர்விஸ், ரயர், பற்றரி, எதிர்பாராத திருத்த வேலை ஆகியவற்றுக்கு இன்னொரு 10,000. அந்த 60 இலட்சத்தை வைப்பிலிட்டு ஆண்டுக்கு 8 வீத வட்டி பெற்றிருந்தால் மாதம் 40,000 வந்திருக்கும். கார் வாங்கியதால் அது இல்லாமற் போயிற்று. ஆக மொத்தம் 85,000 ரூபா. ஒரு துளி பெற்றோல் ஊற்றுவதற்கு முன்பே, கார் வாசலில் நிற்பதற்காக மட்டும் இத்தனை செலவு. லீசிங்கில் எடுத்தால் பெரும்பாலும் இதைவிடக் கூடும்.

இப்போது ஒப்பிடுவோம். குறுகிய பயணம் ஒன்றுக்கு அழைக்கும் வண்டிக்கு 700, சொந்தக் காரின் பெற்றோலுக்கு 150 என்றால், ஒவ்வொரு பயணத்திலும் சொந்தக் காரினால் மிச்சம் 550 ரூபா. 85,000 ரூபாவை இப்படி மிச்சம் பிடிக்க மாதம் ஏறத்தாழ 155 பயணங்கள் போகவேண்டும், நாளொன்றுக்கு ஐந்து. மாறாக, தூரப் பயணம் ஒன்றுக்கு 1,800 ரூபாவும் பெற்றோலுக்கு 400 ரூபாவும் என்றால், மிச்சம் 1,400. அப்போது 61 பயணங்களிலேயே கணக்குச் சமமாகிவிடும். ஆகவே நகரத்துக்குள் சிறு சிறு பயணம் போகும் குடும்பத்துக்கு வண்டியை அழைப்பது மலிவு. தினமும் நெடுந்தூரம் போய்வரும் குடும்பத்துக்குச் சொந்தக் கார் மலிவாக இருக்கக்கூடும். எல்லாருக்கும் ஒரே விடை இல்லை.

வத்தளையில் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் ஏற்கனவே உள்ள காரில் வேலைக்குப் போகிறார். மனைவி கொழும்பில் தாதியாகப் பணி செய்கிறார். மாதம் 22 நாள் வேலை. பிள்ளைகள் பாடசாலை வானில் போய்வருகின்றனர். மாலையில் ரியூசனும், பாட்டியின் கிளினிக்கும் உண்டு. மனைவிக்கு 44 தூரப் பயணங்கள், மற்றவற்றுக்கு 28 குறும் பயணங்கள் என்று வைப்போம். எல்லாவற்றுக்கும் வண்டியை அழைத்தால் மாதம் 98,800 ரூபா. இரண்டாவது காரை வைத்திருந்தால் பெற்றோலுடன் 1,06,800 ரூபா. வேறுபாடு வெறும் 8,000. இந்த அளவுக்கு நெருங்கி வரும்போது பணம் விடை சொல்லாது. ஆனால் அந்தத் தாய் பகலில் போகும்போது பஸ்ஸிலும், இருட்டியபின் திரும்பும்போது மட்டும் வண்டியிலும் வந்தால், செலவு 59,200 ரூபாவும் பஸ் கட்டணமும்தான். கார், வண்டி என்று இரண்டை மட்டும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்கும்போது, இந்த மூன்றாவது வழி கண்ணுக்குப் படுவதில்லை.

காருக்காக உழைக்கும் நேரம்

இவான் இலிச் என்பவர் 1926ஆம் ஆண்டு வியன்னாவில் பிறந்தவர்; குருவாக அபிஷேகம் பெற்றுப் பணியாற்றி, 1969இல் குருத்துவப் பணியிலிருந்து விலகியவர். சக்தியையும் சமத்துவத்தையும் பற்றி 1974ஆம் ஆண்டு வெளியிட்ட சிறு நூலில் அவர் ஒரு விசித்திரமான கணக்குப் போட்டார். சராசரி அமெரிக்க ஆண் ஒருவன் காரில் இருக்கும் நேரம், அதை நிறுத்த இடம் தேடும் நேரம், அதன் தவணைக்கும் காப்புறுதிக்கும் பெற்றோலுக்கும் வேண்டிய பணத்தை உழைக்கும் நேரம் ஆகிய எல்லாவற்றையும் கூட்டினார். ஆண்டுக்கு 1,600 மணித்தியாலங்களுக்கு மேல் வந்தது. அத்தனை மணித்தியாலமும் செலவிட்டு அவன் போகும் தூரமோ 7,500 மைல். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 5 மைலுக்கும் குறைவு! சைக்கிளில் ஆறுதலாகப் போகிறவனே இதைவிட விரைவாகப் போய்விடுவான்.

இலிச்சின் கணக்கை அப்படியே நம் நாட்டுக்குப் பொருத்த முடியாது. ஆனால் அவர் சுட்டிய உண்மை நம் வீடுகளிலும் உண்டு. மேலே சொன்ன வத்தளைக் குடும்பம் லீசிங்கில் இரண்டாவது காரை எடுத்தது என்போம். மாதத் தவணைக்காகக் கணவர் மாலையில் மேலதிக வேலை ஒன்றை ஏற்கிறார். வீட்டுக்கு வரும்போது பிள்ளைகள் உறங்கிவிடுகின்றனர். கார் எதற்காக வாங்கப்பட்டது? பயண நேரத்தை மிச்சப்படுத்திக் குடும்பத்தோடு இருப்பதற்கு. இப்போது அந்தக் குடும்ப நேரமே காரின் தவணைக்குப் போகின்றது. வசதி எதற்காக வந்ததோ அதையே அது விழுங்கிவிடுகின்றது. இதைக் கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் எழுதுவதில்லை. ஆனால் பிள்ளைகள் அறிவார்கள்.

உடைமையும் பயனும்

கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் செல்வம் என்பது பொருளை வைத்திருப்பதிலும் பார்க்க அதைப் பயன்படுத்துவதிலேயே உள்ளது என்ற கருத்தினர். டொனால்ட் ஷூப் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், வாகனத் தரிப்பிடங்கள் பற்றி 2005ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், கார்கள் தம் காலத்தில் ஏறத்தாழ 95 வீதத்தை நின்றபடியே கழிக்கின்றன என்று காட்டினார். நாளொன்றில் 72 நிமிடங்கள் மட்டுமே ஓட்டம். மற்ற நேரமெல்லாம் நிற்றல். முதற் காரின் நிலையே இதுவென்றால், இரண்டாவது காரைப் பற்றிச் சொல்லவேண்டுமா? அரிஸ்டோட்டிலின் அளவுகோலால் பார்த்தால், நிற்கும் கார் செல்வமன்று. செல்வத்தின் தோற்றம் மட்டுமே.

அதே அரிஸ்டோட்டில் தம் அரசியல் நூலில் இன்னொன்றையும் சொல்கிறார்: உடைமை தனியாருக்கு இருக்கட்டும், பயன்பாடு பொதுவாக இருக்கட்டும். தனக்குரியதென்றால் மனிதன் அதைக் கவனமாகப் பேணுவான். பொதுவில் உள்ளதை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் பேணியதைப் பிறருக்கும் பயன்பட விடுவதே நல்லொழுக்கம். புனித அக்குவினாஸ் தோமையாரும் இக்கருத்தையே எடுத்து வளர்த்தார். பொருளைச் சம்பாதித்துப் பராமரிக்கும் உரிமை தனிமனிதனுக்கு உண்டு. ஆனால் பயன்பாட்டைப் பொறுத்தமட்டில், தேவையுள்ளவருக்கு உவந்து கொடுக்கும் மனத்தோடு அதை வைத்திருக்கவேண்டும் என்பது அவர் போதனை. நம் வள்ளுவரும் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தில் நல்லறிவாளன் செல்வத்தை நீர் நிறைந்த ஊர்க் குளத்துக்கு ஒப்பிடவில்லையா? மூவரும் வேறு வேறு காலத்தவர், வேறு வேறு நாட்டவர். ஆனாலும் மூவருடைய கேள்வியும் ஒன்றே: உன்னிடம் உள்ளது யாருக்குப் பயன்படுகின்றது?

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, "அப்படியானால் விடை தெளிவுதானே! காரை வாங்காமல் செயலியில் வண்டியை அழைத்தால் ஒரே வண்டி பலருக்குப் பயன்படுகின்றது. அதுதானே பொதுப் பயன்பாடு?" என்று கேட்கலாம். இந்த வாதத்தில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியை இனிப் பார்ப்போம்.

வண்டிக்குள் ஒரு மனிதன்

பொதுப் பயன்பாட்டுக்கு அரிஸ்டோட்டில் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். ஸ்பார்ட்டா நாட்டவர் ஒருவருடைய குதிரைகளையும் நாய்களையும் மற்றவர் தம்முடையவை போலப் பயன்படுத்துவர் என்கிறார். ஆனால் அந்தப் பட்டியலில் குதிரைக்கும் நாய்க்கும் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது: அடிமைகள். பொருளைப் பங்கிடுவதைப் பேசிக்கொண்டிருந்த பேரறிஞர், மனிதனையும் பொருளோடு சேர்த்துவிட்டார். அது அவருக்கு உறுத்தவில்லை.

நமக்கு உறுத்தவேண்டும். நாம் செயலியில் வண்டியை அழைக்கும்போது திரையில் ஒரு சிறு கார்ப் படம் நகர்ந்து வருகின்றது. அது வண்டி மட்டுமன்று. அதற்குள் ஒரு சாரதி இருக்கிறார். மேலே போட்ட கணக்கில் நாம் தவிர்த்துக்கொண்ட 85,000 ரூபா மறைந்துவிடவில்லை. தேய்மானம், காப்புறுதி, ரயர், லீசிங் தவணை எல்லாம் வேறொருவர் தோளுக்கு மாறியிருக்கின்றன. நாம் கொடுக்கும் கட்டணத்திலிருந்து நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்ள, எஞ்சியதில் அவர் பெற்றோல் அடித்து, தவணை கட்டி, வீட்டுக்கும் அரிசி வாங்கவேண்டும். பயணிக்காகக் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலியில்லை. நோயாகப் படுத்தால் வருமானமில்லை. தவணை மட்டும் நிற்பதில்லை.

வேறு நாடுகள் இதைப் பற்றிச் சிந்தித்துள்ளன. 2021ஆம் ஆண்டு பெப்ரவரியில் பிரித்தானிய உயர் நீதிமன்றம், வழக்குத் தொடுத்த ஊபர் சாரதிகள் சுதந்திரமான ஒப்பந்தக்காரர் அல்லர், குறைந்தபட்ச ஊதியத்துக்கும் சம்பளத்துடனான விடுமுறைக்கும் உரிமையுள்ள தொழிலாளரே என்று தீர்ப்பளித்தது. சிங்கப்பூரில் இத்தகைய செயலித் தொழிலாளருக்கான தனிச் சட்டம் 2025 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. வேலையில் காயப்பட்டால் நட்டஈடும் ஓய்வூதியச் சேமிப்பும் அதில் அடங்கும். மனிதனை வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே, அவனையே நோக்கமாகவும் மதி என்று ஜேர்மனியத் தத்துவ அறிஞர் இமானுவேல் கான்ற் 1785ஆம் ஆண்டில் எழுதினார். அந்த நெறி இன்று சட்டப் புத்தகத்தில் மெல்ல மெல்ல ஏறிவருகின்றது எனலாம்.

இன்னொரு பிழையான எண்ணமும் உண்டு. வண்டியை அழைப்பதால் வீதியில் நெரிசலும் புகையும் குறையும் என்று நம்புகின்றனர். கலிபோர்னியா மாநில வளி வள சபை 2018ஆம் ஆண்டுக்காகச் செய்த கணிப்பில், இச்சேவை வண்டிகள் ஓடிய தூரத்தில் ஏறத்தாழ 39 வீதம் பயணி இல்லாத வெற்று ஓட்டம் என்று கண்டது. அடுத்த பயணியைத் தேடியும், அவரிடம் போய்ச் சேரவும் ஓடிய ஓட்டம் அது. நம் ஊர் ஓட்டோக்களின் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனால் பஸ்ஸில் போகக்கூடிய ஒருவர் வண்டியை அழைத்தால், வீதியில் ஒரு வண்டி கூடுகின்றதேயன்றிக் குறைவதில்லை என்பதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டின் தம் சுற்றுமடலில், ஓரிருவரை மட்டும் ஏற்றிய கார்கள் நகரங்களை அடைத்து மாசுபடுத்துவதைக் குறிப்பிட்டு, பொதுப் போக்குவரத்துக்கு முதலிடம் தரவேண்டுமென எடுத்துரைத்தது இங்கே நினைவுகூரத்தக்கது.

ஆகவே "கார் வாங்குவது சுயநலம், வண்டியை அழைப்பது தியாகம்" என்று பிரித்துவிட முடியாது. இரண்டிலும் நன்மை உண்டு. இரண்டிலும் மறைந்த சுமை உண்டு. ஒன்றில் சுமை நம் குடும்பத்தின் மேல் விழுகின்றது. மற்றதில் சாரதியின் குடும்பத்தின் மேல் விழுகின்றது. அறிந்து தெரிவு செய்வதே அறம்.

கார் தேவைப்படும் வீடுகள்

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. இரண்டாவது காரை வைத்திருப்போர் எல்லாரும் ஆடம்பரக்காரர் என்று தீர்ப்பிட நமக்கு உரிமையில்லை. நடக்கமுடியாத பிள்ளை உள்ள வீடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். சக்கர நாற்காலியை மடித்து ஏற்றவும், பிள்ளையைத் தூக்கி இருத்தவும், வண்டி நின்று நிதானிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிய சாரதியிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க அந்தத் தாயால் முடியாது. நடு இரவில் மூச்சுத்திணறும் முதியவர் உள்ள வீட்டில், திரையில் வண்டி தேடும் ஐந்து நிமிடமும் நெடுநேரமே. வன்னியின் உட்கிராமங்களில் வாழும் ஆசிரியைக்குச் செயலி இருந்தும் பயனில்லை. அங்கே வருவதற்கு வண்டி இருக்கவேண்டுமே! இரவுப் பணி முடிந்து தனியே திரும்பும் பெண்ணுக்குத் தன் கையில் திறப்பு இருப்பது வெறும் வசதியன்று, அச்சமின்மை. இவை தேவைகள். இவற்றை ஆசை என்று பெயரிடுவது அநீதி.

ஆனால் உண்மையான தேவைகளின் பெயரைச் சொல்லி ஆசை உள்ளே நுழைவதும் நாம் அறியாததன்று. "அவசரத்துக்கு வேண்டுமே" என்று வாங்கப்படும் கார், அவசரம் வரும் நாளில் கணவரின் அலுவலகத்தில் நிற்பதும் உண்டு. கலியாண வீட்டில் எந்தக் காரில் வந்து இறங்கினார்கள் என்று பார்க்கும் கண்களுக்காக வாங்கிவிட்டு, பாட்டியின் கிளினிக்கைக் காரணம் காட்டுவதும் உண்டு. அயலவன் வாசலில் இரண்டு நிற்பதால் நம் வாசலில் ஒன்று மட்டும் நிற்பது குறையாகத் தோன்றுமானால், அங்கே வேலை செய்வது தேவையன்று, ஒப்பீடு. ஒப்பீட்டுக்கு எல்லையில்லை, இரண்டாவதன் பின் மூன்றாவதும் வரும்.

2022ஆம் ஆண்டு தந்த பாடம்

2022ஆம் ஆண்டை நாம் மறந்துவிடலாகாது. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாயிற்று. அந்த விலைக்கும் கிடைக்காமல் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். பின்னர் கியூஆர் அட்டை முறை வந்தது. தொடக்கத்தில் வாரமொன்றுக்குக் காருக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று பங்கு வகுக்கப்பட்டது. வரிசைகளைக் குறைத்த வகையில் அந்த முறை பெரும் நன்மை செய்தது. அதை மறுக்க முடியாது. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். நாளுக்குப் பலரை ஏற்றி இறக்கும் ஓட்டோவுக்கு 5 லீற்றர். பெரும்பாலும் வாசலில் நிற்கும் காருக்கு 20 லீற்றர். பங்கு வண்டியின் வகையைப் பார்த்து அளக்கப்பட்டது; வண்டியால் பயன்பெறும் மனிதரைப் பார்த்து அன்று.

அதிகாரிகளை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை. நாமும் அப்படித்தான் அளக்கிறோம். ஒரு வீட்டின் தகுதியை வாசலில் நிற்கும் வண்டிகளை எண்ணி அளக்கிறோம். அந்த வண்டிகளில் யார் யார் ஏறினார்கள் என்று எண்ணுவதில்லை.

பங்கிடுதல் என்றால் என்ன?

செயலியில் அழைக்கும் சேவையைப் பங்கிடும் பயணம் என்று சிலர் அழைக்கின்றனர். உண்மையில் அது வாடகைப் பயணமே. கூலி கொடுத்துப் போவதில் தவறில்லை. ஆனால் அதற்குப் பங்கிடுதல் என்று பெயரிட்டால், உண்மையான பங்கிடுதல் என்ன என்பதை மறந்துபோவோம்.

நம்மவர் அதை நன்கறிந்திருந்தனர். பருத்தித்துறைக்கும் கொடிகாமத்துக்கும் இடையே ஓடிய தட்டிவானில், மரக்கறிக் கூடையும் மீன் கடகமும் பாடசாலைப் பிள்ளையும் ஒன்றாகவே போயின. தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராதிருந்தபோது, பழைய கார்களைச் சிறிது பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டினர். அந்நாட்களில் சைக்கிள் தமக்கு மட்டும் என்று வைத்திருந்தவர் யார்? பின் இருக்கையில் நோயாளியும், முன் பாரில் பிள்ளையும் போயினர். வறுமையால் வந்த பழக்கம் என்று அதைத் தள்ளிவிடலாம். ஆனால் வறுமை கற்பித்த நற்பண்பை வசதி வந்தவுடன் கைவிடவேண்டுமென்று விதி எதுவுமில்லையே!

இன்று அதை எப்படிச் செய்வது? ஒரே ஒழுங்கையிலிருந்து ஒரே பாடசாலைக்கு மூன்று கார்கள் தனித்தனியே போகின்றன. மூன்று பெற்றோரும் முறை வைத்துக்கொண்டால் ஒரு கார் போதும். வாரத்தில் மூன்று, நான்கு காலைகள் ஒவ்வொருவருக்கும் மிச்சமாகும். ஞாயிறு பூசைக்குப் போகும் காரில் பின் ஆசனம் வெறுமையாக இருக்க, அதே வீதியில் வயோதிபர் ஒருவர் வெயிலில் நடந்து போகிறார். நிறுத்தி ஏற்றிக்கொள்ள எத்தனை விநாடி ஆகும்? அண்ணன், தம்பி இருவர் அருகருகே குடியிருந்தால், இரு வீட்டுக்கும் சேர்த்து ஒரு மேலதிகக் காரை வைத்துச் செலவைப் பகிரலாம். திறப்பு யாரிடம், பெற்றோல் யார் அடிப்பது, கீறல் விழுந்தால் யார் பொறுப்பு என்பவற்றை முதலிலேயே வாய்விட்டுப் பேசிவிடுவது உறவுக்கு நல்லது. ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: தனியார் பாவனைக்கான காப்புறுதி பொதுவாகக் கூலிக்கு ஆட்களை ஏற்றுவதை உள்ளடக்குவதில்லை. ஆகவே அயலவரை ஏற்றுவது உதவியாக இருக்கட்டும், வியாபாரமாக வேண்டாம்.

முடிவு செய்யும் முன்

இரண்டாவது காரைப் பற்றி எண்ணும் குடும்பத்தினர் ஒருநாள் மாலை கணவன், மனைவி, விபரம் தெரிந்த பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக அமர்ந்து சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்கட்டும். கடந்த மாதம் முதற் கார் இல்லாததால் எத்தனை பயணங்கள் உண்மையில் தடைப்பட்டன? அவற்றுள் எத்தனைக்கு பஸ், ரயில் அல்லது அயலவர் உதவி போதுமாயிருந்தது? தவணைக்கான பணம் யாருடைய நேரத்திலிருந்து வரும்? வீட்டில் உள்ள பலவீனமானவருக்கு இந்தக் கார் பயன்படுமா, அல்லது பலமுள்ளவரே அதை எடுத்துக்கொண்டு போவாரா? யாரும் பாராத ஓர் ஊரில் வாழ்ந்தாலும் இதை வாங்குவோமா? இக்கேள்விகளுக்குப் பின்னும் தேவை என்று தெளிந்தால், தயங்காமல் வாங்கட்டும். வாங்கிய காரின் வெறும் ஆசனங்களுக்கு மட்டும் கணக்கு வைத்துக்கொள்ளட்டும்.

வாங்காமல் வண்டியை அழைப்பது என்று தீர்மானித்தாலும் கடமை முடிந்துவிடவில்லை. அழைத்த வண்டி வருமுன்பே வாசலில் நிற்போம். வழியில் பாதி தூரம் வந்தவரை, அதைவிட ஐம்பது ரூபா குறைந்த வேறு வண்டி கிடைத்ததென்று திருப்பி அனுப்பாதிருப்போம். நாம் பிந்திப் புறப்பட்டதற்காக அவரை வேகமாக ஓட்டச் சொல்லாதிருப்போம். மீதிச் சில்லறைக்காகக் கடுஞ்சொல் பேசாதிருப்போம். பெயரைக் கேட்டு, மரியாதையோடு அழைப்போம். சாரதியின் மதிப்பெண்ணைக் குறைக்கும் விரலுக்கு அவர் வீட்டு அடுப்பையும் அணைக்கும் வலிமை உண்டு என்பதை நினைவிற் கொள்வோம்.

கார் நல்ல வேலைக்காரன். அது நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டிய இடம் ஒன்று உண்டு: நம் வீட்டாரிடமும் அயலாரிடமும். ஒன்றை வைத்திருந்தாலும், இரண்டை வைத்திருந்தாலும், ஒன்றும் இல்லாது பஸ்ஸில் நின்றாலும், அந்த இடத்துக்குப் போய்ச் சேருகிறோமா என்பதே கேள்வி. விடையை ஒவ்வொரு குடும்பமும் தன் மனச்சாட்சியின் முன் தேடிக்கொள்ளட்டும்.